ரெஃப்யூஜ் – புகலிடப் பயிர்

பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (பி.டி.) என்ற நுண்ணுயிரின் மரபணுவைச் சேர்த்ததால், காய்ப்புழுவைக் கொல்லும் நச்சைத் தானே உண்டாக்கும் பருத்தி பி.டி. பருத்தி. அதன் விதை 450 கிராம் வாங்கினால், கூடவே 120 கிராம் சாதாரணப் பருத்தி விதை தனிப் பொட்டலமாக வந்தது. அதன் பெயர் ரெஃப்யூஜ். ‘தப்பியோடிச் சேரும் இடம்’ என்ற பொருளுடைய லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது.

தமிழில் இதைப் பொறிப்பயிர் என்று சொல்லிவிடுகிறார்கள். இது தவறு, அதுவும் ஆபத்தான தவறு. பொறிப்பயிர் பூச்சியை இழுத்துக் கொல்வதற்கு. இதுவோ பூச்சியை வாழவிடுவதற்கு. அடைக்கலப் பயிர் என்பதும் உண்டு. வீட்டில் கூடு கட்டும் குருவியை அடைக்கலக் குருவி என்கிறோமே, அந்தப் பொருளில் குறையில்லை. ஆனால் அடைக்கலம் என்றால் கேட்பவரும் கொடுப்பவரும் வேண்டும். ‘புகு’ என்ற வினையிலிருந்து வந்த புகல், இடத்தைச் சுட்டுகிறது. ஆகவே புகலிடப் பயிர் என்பதே சரி.

பூச்சியை ஏன் வாழவிட வேண்டும்? பி.டி. செடியைத் தின்றும் பிழைக்கும் புழு தொடக்கத்தில் மிக அரிது. அப்படிப் பிழைத்த புழுக்கள் அந்துப்பூச்சிகளாகித் தமக்குள் இணைந்தால் குஞ்செல்லாம் எதிர்ப்போடு பிறக்கும். பக்கத்துச் சாதாரணச் செடியில் வளர்ந்த அந்து ஏராளமாக இருந்தால், பிழைத்தது அதனோடுதான் இணையும். இளஞ்சிவப்புக் காய்ப்புழுவில் இந்த எதிர்ப்பு பெரும்பாலும் ஒடுங்கு பண்பு. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால், நச்சு போதுமான அளவு இருக்கும் செடியில் அந்தக் குஞ்சு செத்துப்போகும்.

2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தபோதே, வயலைச் சுற்றி ஐந்து வரிசை அல்லது பரப்பில் 20 சதவீதம், இதில் எது அதிகமோ அது, என்று விதி இருந்தது. பலர் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது: முளைப்பு மோசமான விதையும், பூக்கும் காலம் ஒத்துவராத விதையும் கொடுக்கப்பட்டன. இரு வயல் அந்தும் ஒரே சமயத்தில் பறக்காவிட்டால் புகலிடத்தால் பயனில்லை.

துவரையை நட்டால் போதாதா? பச்சைக் காய்ப்புழுவுக்குப் போதும், அது துவரையும் கடலையும் தின்னும். இளஞ்சிவப்புக் காய்ப்புழு கிட்டத்தட்ட பருத்தியை மட்டுமே நம்பி வாழ்வது. அதற்குச் சாதாரணப் பருத்திதான் வேண்டும்.

இந்தியாவில் விற்கும் பி.டி. பருத்தி பெரும்பாலும் கலப்பினம். அதில் இன்னொரு சிக்கலும் உண்டு. காயைக் கீறிப் பார்த்தால், புழு பஞ்சைத் துளைத்து ஒரு விதையிலிருந்து அடுத்த விதைக்குப் போயிருக்கும். அந்தக் காயிலேயே நச்சுப் புரதம் உள்ள விதையும் இல்லாத விதையும் கலந்திருக்கும். அரைகுறை நச்சில் எதிர்ப்பு வேகமாகப் பெருகும்.

2010இல் குஜராத்தில், ஒரே நச்சு மரபணு கொண்ட முதல் தலைமுறை பி.டி. பருத்தி இளஞ்சிவப்புக் காய்ப்புழுவிடம் தோற்றது வெளிப்பட்டது. சில ஆண்டுகளிலேயே இரட்டை மரபணு ரகமும் தோற்றது. புகலிடத்தை ஒழுங்காக வைத்த அமெரிக்காவின் அரிசோனாவில், 1996இல் தொடங்கிப் பத்தாண்டு கடந்தும் அதே புழு எதிர்ப்புப் பெறவில்லை.

பிறகு வந்தது ஒரே பையில் 5 சதவீதம் சாதாரண விதையைக் கலந்து தரும் முறை. விவசாயி தனியாக நட வேண்டியதில்லை. காய்க்குள்ளேயே கிடக்கும் இளஞ்சிவப்புப் புழுவுக்கு இது ஓரளவு பொருந்தும். செடி விட்டுச் செடி நகரும் பச்சைப் புழுவுக்குப் பொருந்தாது. தனியாக நட்ட புகலிடத்தில் பி.டி. நுண்ணுயிர் மருந்தைத் தெளிக்கவே கூடாது. வேறு மருந்தும், பூவிலோ காயிலோ சேதம் 10 சதவீதத்தைத் தொட்ட பிறகுதான்.