விழுந்த மரம் ரம்பத்தைக் கவ்வுவது ஏன்?

"புயலில் மரம் விழுந்தால் அறுத்து ஓரமாகத் தள்ளிவிட்டுப் போக வேண்டியதுதானே? எதற்கு மாதக்கணக்கில் பாதையை மூடிவைத்து ஊரைச் சுற்றிப் போகச் சொல்கிறார்கள்?" அமெரிக்காவின் அப்பலாச்சியன் டிரெயில் பற்றிய செய்தியைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 'அறுத்து' என்ற இடத்தில்தான் விஷயமே இருக்கிறது.

ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கி மெயின் மாநிலத்தில் முடியும் நடைபயண மலைப்பாதை அது. 14 மாநிலங்கள், ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். 1937-ல் முழுமை பெற்றது. 2024 செப்டம்பர் 26 இரவு புளோரிடாவில் கரையேறிய ஹெலீன் சூறாவளி, மறுநாள் இந்த மலைத்தொடரின் தென்பகுதியைப் புரட்டிப்போட்டது. பழியைக் காற்றின் மேல் மட்டும் போட முடியாது. புயல் வந்து சேருமுன்பே அங்கே கனமழை பெய்து மண் ஊறிப்போயிருந்தது. மண்துகள்களுக்கு இடையே தண்ணீர் நிரம்பினால், அவை ஒன்றையொன்று அழுத்துவது குறையும், உராய்வும் குறையும், வேருக்குப் பிடிமானம் போய்விடும். செப்டம்பரில் இலையும் உதிர்ந்திருக்காது, அதனால் காற்றுக்கு மரத்தைத் தள்ள நல்ல பிடி கிடைக்கும். விளைவு, நல்ல திடமான மரங்கள்கூட முறியாமல் வேரோடு சாய்ந்தன.

சாய்ந்த மரம் சமதரையில் சாதுவாகப் படுத்திருந்தால் வாசகர் சொன்னதுபோல் அரைமணி வேலைதான். மலைச்சரிவில் அப்படிப் படுப்பதில்லை. அடிப்பகுதி ஒரு பாறையிலும் நுனி இன்னொரு மரத்திலும் தாங்கி நிற்க, நடுப்பகுதி அந்தரத்தில் தொங்கும். தன் எடையாலேயே நடுவில் லேசாக வளைந்திருக்கும். அப்போது மேற்பக்க நார்கள் அமுங்கியும் அடிப்பக்க நார்கள் இழுபட்டும் இருக்கின்றன. இந்த மரத்தை மேலிருந்து அறுக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? கொஞ்சம் அறுத்ததுமே மரம் இன்னும் தாழும். மேலே அறுத்த இடைவெளியின் இரு பக்கமும் நெருங்கி வந்து ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும். பிறகு நீங்கள் என்ன இழுத்தாலும் வராது. ஆப்பசைத்த குரங்கின் கதிதான்.

அதனால் விவரம் தெரிந்தவர்கள் மேலே கொஞ்சம் மட்டும் அறுத்து, இடைவெளி மூடாதபடி ஓர் ஆப்பைச் செருகிவிட்டு, மிச்சத்தை அடியிலிருந்து அறுப்பார்கள். இழுபட்ட நார் அறுபட அறுபட இடைவெளி தானே விரியும். ஒரு முனை மட்டும் தாங்கலில் இருந்து மறுமுனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் கணக்கு தலைகீழ்: மேலே இழுவிசை, கீழே அமுக்கம். அங்கே யோசிக்காமல் மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால், பாதியில் மரம் நீளவாக்கில் பிளந்துகொண்டு எகிறும். பக்கவாட்டில் வளைந்து, நிற்கிற மரங்களுக்கு இடையில் மாட்டிக்கொண்ட தண்டு இன்னும் மோசம். அறுபட்டதும் அது வளைவின் வெளிப்பக்கமாகத்தான் பாயும். எனவே உட்பக்கம் நின்றுதான் அறுக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது இளமரக் கணக்கு. பெரிய மரம் விழும்போது பக்கத்தில் நின்ற கைப்பருமன் கன்று ஒன்றின் தலையை மண்ணோடு வைத்து அமுக்கிவிடுகிறது. கன்று சாகவில்லை, வளைந்து காத்திருக்கிறது. அதில் சேர்ந்திருக்கும் மீட்சி ஆற்றல் வளைவின் வர்க்கத்துக்கேற்ப கூடும்; வளைவு இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. வெடுக்கென்று வெட்டினால் அது தாடையைப் பெயர்த்துவிடும். அதற்கு ஒரு பள்ளிக்கூட வடிவியல் வைத்திருக்கிறார்கள். கன்றின் அடியிலிருந்து நேர்குத்தாக ஒரு கோடு, வளைவின் உச்சியைத் தொட்டுக் கிடைமட்டமாக ஒரு கோடு. இரண்டும் சந்திக்கும் மூலையிலிருந்து 45 பாகையில் கன்றை நோக்கி இறங்கினால் தொடும் இடத்தில்தான் விறைப்பு அதிகம். அந்த இடத்தில், வளைவின் உட்பக்கத்தை, வெட்டாமல் மெல்ல மெல்லச் சீவிக்கொண்டே போவார்கள். ஆற்றல் மொத்தமாக வெடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கன்று தளர்ந்து மடியும். மனத்தில் வரைந்த ஒரு முக்கோணம் பல்லைக் காப்பாற்றுகிறது என்பதைப் பாடப்புத்தகத்தில் போட்டிருந்தால் எத்தனை பேர் வடிவியலை விரும்பியிருப்பார்கள்!

மரம் சாயும்போது மண்ணோடு பெயர்ந்து எழும் வேர்த்தட்டு வேறு இருக்கிறது. டன் கணக்கில் மண்ணைப் பற்றிக்கொண்டு செங்குத்தாக நிற்கும் அதை அப்படித் தூக்கி வைத்திருப்பதே தண்டின் எடைதான். தண்டை அறுத்த கணமே அது பழைய குழியில் திரும்ப விழக்கூடும், அடிக்கட்டை எழுந்து நிற்கும். பத்து மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கையில் ஒன்றை அறுத்தால் மற்ற ஒன்பதின் இழுவிசையும் அமுக்கமும் மாறிவிடும். ஒவ்வோர் அறுப்புக்கும் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். இதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். பயிற்சி முடித்துச் சான்று பெற்றவர்கள்தான் ரம்பத்தைத் தொடலாம். 1964-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளில் மோட்டார் கருவிக்குப் பொதுவாக அனுமதி இல்லை. ஆளுக்கொரு முனை பிடித்து இழுக்கும் ரம்பம்தான். மெதுவான வேலை, ஆனால் மரம் கவ்வ வருவது கைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பதால் எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் கோபமில்லை.

மரத்தை அகற்றினாலும் கீழே பாதை இருக்க வேண்டுமே. ஹெலீன் ஏற்படுத்திய நிலச்சரிவுகளே 2,000-க்கு மேல் என்கிறது அமெரிக்கப் புவியியல் ஆய்வகம். இங்கே ஒரு வயிற்றெரிச்சல். 2004-ல் இரண்டு சூறாவளிகள் அடித்த பிறகு, எந்தெந்தச் சரிவுகள் இறங்கக்கூடும் என்று வட கரோலினா மாநிலம் வரைபடம் போடத் தொடங்கியது. 2011-ல் அதற்கான பணத்தை நிறுத்தினார்கள். 2018-ல்தான் மறுபடி தொடங்கினார்கள். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் மலை தன் வேலையை நிறுத்திவைக்கவில்லை. மேஜையில் உட்கார்ந்து வரைபடத்துக்குச் செலவழிக்கும் காசு வீண் என்று நினைக்கிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

சுற்றுவழிகளில் சில வேடிக்கையானவை. டென்னசியின் எர்வின் ஊரருகே நோலிச்சக்கி ஆற்றுப் பாலத்தை வெள்ளம் கொண்டுபோனதால், 2025-ல் நடப்பவர்களைப் படகில் அக்கரை சேர்த்தார்கள். படகில் போனால் நடந்ததாகுமா என்று தூய்மைவாதிகள் சண்டை போட வேண்டியதில்லை, முன்னுதாரணம் உண்டு. மெயினில் கென்னபெக் ஆற்றைக் கடக்க நெடுங்காலமாகவே படகுதான் அதிகாரபூர்வ வழி. வழிகாட்ட மரங்களில் தீட்டும் அதே வெள்ளைப் பட்டையை அந்தப் படகின் தரையிலும் தீட்டியிருக்கிறார்கள்.