வாந்தி நின்றுவிட்டது என்று கிளம்பாதீர்கள்

இந்த ஆண்டில் நச்சுக் கிழங்கைத் தின்றுவிட்டு எங்களிடம் வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். வேலியோரம் கொத்தும்போது கிடைத்த கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்து வேகவைத்துத் தின்றிருக்கிறார். இரவெல்லாம் வாந்தி, வயிற்றுப்போக்கு. மறுநாள் மாலை சற்றுத் தெளிந்ததும், "அதான் நின்னுடுச்சே டாக்டர், வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்கிறார் மகன். அப்பா தின்றது கண்வலிக்கிழங்கு, அதாவது நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கு.

அந்தத் தெளிச்சியை நம்பவே நம்பாதீர்கள். இதிலுள்ள கோல்ச்சிசின் என்ற நஞ்சு செல்கள் பிரிவதைத் தடுக்கும். குடல் செல்கள் வேகமாகப் பிரிபவை, அதனால் முதல் நாள் அடி அங்கே விழுகிறது. வாந்தி நிற்கும்போது நஞ்சு ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையிலும் சிறுநீரகத்திலும் இதயத்திலும் வேலையைத் தொடங்கியிருக்கும். 2 முதல் 7 நாட்களுக்குள்தான் வெள்ளையணுக்களும் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் சரியும். உயிர் போவதும் பெரும்பாலும் அப்போதுதான். தினமும் ரத்தம் எடுப்பது இதற்காகத்தான், தொல்லை கொடுக்க அல்ல. பிழைத்தவர்களுக்கும் இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும். அது திரும்ப வளர்ந்துவிடும்.

வேகவைத்தால் நஞ்சு போகாது. மூலிகைதானே என்றும் சொல்லாதீர்கள். யூரிக் அமில மூட்டுவலிக்கு இதே கோல்ச்சிசினை 0.5 மி.கி. மாத்திரையாக நாங்களே எழுதுகிறோம். கிழங்குக்கு ஏது அளவு?

கொடியை அடையாளம் காண்பது எளிது. இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு வேலியைப் பிடித்து ஏறும். ஆறு இதழ்களும் நெளிநெளியாக மேல்நோக்கி மடங்கியிருக்கும். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. கார்த்திகையில் பார்த்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். ஆனால் தை, மாசிக்குள் கொடி காய்ந்து மறைந்துவிடும். மண்ணுக்குள் கிழங்கு மட்டும் உயிரோடு இருக்கும். கலப்பை போலக் கவைத்திருக்கும் என்பார்கள், ஆனால் மண்வெட்டி பட்டு உடைந்த துண்டில் அந்த வடிவம் தெரியாது. நட்டது எது என்று தெரியாத கிழங்கை அடுப்பில் ஏற்றாதீர்கள்.

மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிரிடும் விவசாயிகளே, விதையிலும் இதே நஞ்சுதான். பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் தயவுசெய்து காயப்போடாதீர்கள்.

தெரியாமல் தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் என்று நேரத்தைக் கடத்தாமல் 108-ஐ அழையுங்கள். முறிவு மருந்து கையில் இல்லாததால் சீக்கிரம் வந்தால்தான் எங்களால் ஏதாவது செய்ய முடியும். மிச்சக் கிழங்கை எடுத்து வாருங்கள். சமைத்த பாத்திரத்தைக் கழுவாமல் அப்படியே கொண்டு வாருங்கள்.