ஃப்ரீசரில்தானே இருந்தது என்பவர்களுக்கு

கிழக்குக் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அதற்கு முந்தைய ஞாயிறுகளில் காசிமேட்டில் கிலோ கணக்கில் வாங்கிவந்து ஃப்ரீசரை அடைப்பது சென்னையில் பல வீடுகளில் வழக்கம். அப்புறம் மே மாதத்தில் முகம் சிவந்து, மண்டையிடியும் படபடப்பும் உடம்பெல்லாம் தடிப்புமாக எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவார்கள். “மீன் அலர்ஜி டாக்டர்.” மாமியாருக்கும் மருமகளுக்கும் சாப்பிட வந்த விருந்தாளிக்கும் ஒரே மத்தியானத்தில் எப்படி அலர்ஜி வரும்? போன வாரமும் இதே கதைதான். இந்த முறை சூரை மீன்.

இது ஹிஸ்டமின் நஞ்சு. அலர்ஜி மாதிரியே சிவப்பையும் தடிப்பையும் கொண்டுவரும் வேதிப்பொருள்தான் ஹிஸ்டமின். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, வஞ்சிரம் மாதிரி மீன்கள் குளிர் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியா அவற்றின் சதையில் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். அந்த விளக்கம் இத்தனை போதும். எனக்கு ஆற்றாமை, அடுத்து வரும் பதில்களில்தான்.

“நல்லா வேகவெச்சேனே.” வேகவைத்தால் பாக்டீரியா சாகும், அது உண்டாக்கிய ஹிஸ்டமின் அப்படியே இருக்கும். குழம்பாகக் கொதித்தாலும் சரி, எண்ணெயில் முறுகப் பொரித்தாலும் சரி, போகாது. “மஞ்சள், எலுமிச்சை போட்டுக் கழுவினேன்.” கவிச்சி போகும், ஹிஸ்டமின் போகாது. “வாடையே இல்லையே.” ஹிஸ்டமினுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. சிலருக்கு நாக்கில் சுரீரென்று மிளகு கடித்ததுபோல் இருக்கும். நம் மசாலாவில் அது யாருக்குத் தெரியப்போகிறது? கடைசியாக, எல்லோரும் சொல்வது: “ஃப்ரீசர்லதானே டாக்டர் இருந்துச்சு.” ஃப்ரீசர் மீனை இருக்கிற நிலையில் நிறுத்திவைக்கும், அவ்வளவுதான். கெட ஆரம்பித்ததைத் திருப்பி நல்லதாக்காது. உள்ளே போகும்போதே ஹிஸ்டமின் ஏறியிருந்தால், இரண்டு மாதம் கழித்து வெளியே எடுக்கும்போதும் அது அங்கேயே இருக்கும்.

ஆகவே விஷயம் ஃப்ரீசருக்கு முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. காலையில் மீன் வாங்கி, கறுப்பு கவரில் கட்டி, கார் டிக்கியில் போட்டுவிட்டு, வழியில் டிபன் சாப்பிட்டு, அப்படியே உறவினர் வீட்டுக்கும் போய்வருகிறவர்களை என்ன சொல்ல? மீன் கெடாமலிருக்கக் கலக்கிறார்கள் என்று ஃபார்மலின் ரசாயனத்துக்கு அத்தனை பயப்படுகிறவர்கள் டிக்கிக்குள் இருக்கும் வெயிலுக்கும் கொஞ்சம் பயப்படலாம். ஐஸ் பெட்டி எடுத்துப் போங்கள். சந்தையிலேயே துண்டு போட்டு, ஐஸ் கொட்டி, நேராக வீட்டுக்கு வாருங்கள்.

வீட்டில்: குளிர்ந்த நீரில் கழுவி, ஈரம் போகத் துணியால் ஒற்றி எடுங்கள். முள்ளில்லாத துண்டானாலும் ஸ்லைஸானாலும் ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் ஜிப் கவரில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். கவரின் வாயைக் கொஞ்சம் திறந்துவைத்து, பாத்திரத் தண்ணீருக்குள் மெல்ல இறக்கினால் காற்று வெளியேறிவிடும். வாய் மட்டும் தண்ணீருக்கு மேலே இருக்கட்டும், அப்படியே மூடிவிடுங்கள். இரண்டு கிலோவை ஒரே உருண்டையாகத் திணித்தால் நடுப்பகுதி உறைய நேரமாகும். சதை பிறகு பஞ்சாகிவிடும். தேதி எழுதுங்கள். தயவுசெய்து எழுதுங்கள்.

மைனஸ் 18 டிகிரியில் மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்ற எண்ணெய்ப்பசை மீன்களை இரண்டு மூன்று மாதம் வைக்கலாம். கொடுவா, சங்கரா ஆறு மாதம் வரை தாங்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் அறை பெரும்பாலும் அந்தக் குளிருக்கு வராது. அதில் வைத்ததை ஒரு வாரம், பத்து நாளில் முடித்துவிடுங்கள். மசாலா தடவி உறையவைப்பது வசதிதான், ஆனால் உப்பு பட்ட எண்ணெய் மீன் சீக்கிரம் காறிவிடும்.

உறைந்ததை முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். காலையில் மேடையில் எடுத்துவைத்துவிட்டு ஆபீஸ் போய், மாலையில் பாதியைச் சமைத்து, மீதியை மறுபடி உள்ளே தள்ளுவது வேண்டவே வேண்டாம். காற்றை உறிஞ்சி அடைத்த வேக்கம் பேக் என்றால் கவரைப் பிரித்துவிட்டுத்தான் இளகவிட வேண்டும். காற்றில்லாத இடத்தில் வளரும் பொல்லாத கிருமி ஒன்று உண்டு.

மின்வெட்டு வந்தால் கதவைத் திறக்காதீர்கள். நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல தெருக்களில் அதற்கும் மேலாகக் கரன்ட் இல்லை. முழுக்க இளகி, குளிர்விட்டுக் கிடந்த வஞ்சிரத்தைக் கொட்ட மனசு வராதுதான், அது விற்கிற விலைக்கு. கொட்டுங்கள்.

இன்னொன்று, மருத்துவர்களே அடிக்கடி கேட்க மறப்பது: காசநோய்க்கு ஐசோநயாசிட் சாப்பிடுபவர்களுக்கு ஹிஸ்டமினை உடைக்கும் திறன் குறையும். மற்றவர்களுக்கு லேசாக வருவது அவர்களுக்குக் கடுமையாக வரலாம்.

மீன் சாப்பிட்டு சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ முகம் சிவந்து படபடத்தால் மருத்துவமனைக்கு வாருங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன மீன், எப்போது வாங்கியது, உங்களோடு வேறு யார் யார் சாப்பிட்டார்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் குழம்பை வேறு யாரும் தொடவேண்டாம்.