சின்ன கேமிங் லேப்டாப் வாங்கும் முன் எத்தனை வாட் என்று கேளுங்கள்

பிப்ரவரியில் பல்கலைக்கழகம் திறப்பதற்குள் பிள்ளைக்கு ஒரு லேப்டாப் வாங்கிவிட வேண்டும். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கோ கேப்டவுனுக்கோ தூக்கிப் போகிற கனமாக இருக்க வேண்டும், பகலில் வகுப்புக்கும் இரவில் கேமுக்கும் ஆக வேண்டும். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துப் பெற்றோர் வருடப் பிறப்பில் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான். அப்படிப்பட்ட லேப்டாப் கிடைக்காமல் இல்லை. 14 அங்குலத் திரை, இரண்டு கிலோவுக்குள் எடை, உள்ளே என்விடியா ஆர்டிஎக்ஸ் கிராஃபிக்ஸ் சிப் என்று கடையில் வரிசையாகவே நிற்கின்றன. ஆனால் விலைச்சீட்டில் இருக்கும் கிராஃபிக்ஸ் சிப்பின் பெயரை மட்டும் நம்பிப் பணம் கட்டினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4070 சிப்புக்கு 35 முதல் 115 வாட் வரை எவ்வளவு மின்சாரம் கொடுப்பது என்பதைத் தயாரிப்பாளரே முடிவு செய்துகொள்ளலாம். அதற்கு மேல் பூஸ்ட் என்று இன்னும் 25 வாட் சேரலாம். 2024 மாடல்களில் எச்பி ஓமன் டிரான்சென்ட் 14 கொடுப்பது 65 வாட். ஆசுஸ் செஃபிரஸ் ஜி14 கொடுப்பது 90 வாட். ரேசர் பிளேட் 14 கொடுப்பது 140 வாட். மூன்றிலும் ஒட்டியிருப்பது ஒரே 4070 ஸ்டிக்கர்தான். 65 வாட்டில் ஓடும் 4070-ஐ, முழு வாட் கிடைக்கும், ஒரு படி கீழான 4060 பல கேம்களில் எட்டிப் பிடித்துவிடும், சிலவற்றில் முந்தியும் விடும். முன்பெல்லாம் வாட் குறைந்த சிப்புக்கு மேக்ஸ்-க்யூ என்று தனி அடையாளம் இருந்தது. 2021-இல் 30 வரிசை வந்தபோது அது சிப்பின் பெயரிலிருந்து போய்விட்டது. அன்றிலிருந்து வாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்வது வாங்குகிறவர் தலையில் விழுந்திருக்கிறது. மேசைக் கணினியின் 4070-ஐப் பற்றி யூடியூபில் பார்த்ததையும் மறந்துவிடுங்கள். அதில் 12 ஜிபி வீடியோ மெமரி, லேப்டாப்பில் 8 ஜிபி. சிப்பே வேறு.

கடையில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். என்விடியா கண்ட்ரோல் பேனலைத் திறந்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் தட்டினால் மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர் என்று ஒரு வரி வரும். அந்த எண்தான் உங்களுக்கு வேண்டியது. விற்பவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, பெட்டியில் அச்சடிப்பதில்லை.

அந்த எண்ணும் உச்சவரம்புதான், எப்போதும் கிடைக்கும் அளவல்ல. கேம் தொடங்கிய முதல் ஐந்து நிமிடம் எந்த லேப்டாப்பும் அருமையாக ஓடும், உலோகம் இன்னும் சூடாகவில்லை. இருபது நிமிடம் கழித்து நிலைக்கும் வேகம்தான் உண்மையான வேகம். அதனால் வீட்டுக்கு வந்ததும் கனமான ஒரு கேமை அரை மணி நேரம் ஓடவிட்டு, சிப்பின் வாட், வெப்பம், கிளாக் (சிப் ஓடும் வேகம்) மூன்றையும் கவனியுங்கள். கிராஃபிக்ஸ் சிப் 87 டிகிரியை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சின்ன உடம்பில் பிராசஸருக்கும் கிராஃபிக்ஸுக்கும் சூட்டைக் கடத்தும் செப்புக்குழாய் பெரும்பாலும் பொது. பிராசஸர் 95 டிகிரியில் கொதித்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அனல் அடிக்கும். பிராசஸரின் டர்போ பூஸ்ட்டை அணைத்தாலே பல மாடல்களில் சூடும் விசிறிச் சத்தமும் கணிசமாக இறங்கும், கேமின் வேகம் அவ்வளவாகக் குறையாது.

ஊரும் இதில் சேர்த்தி. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,750 மீட்டர் மேலே இருக்கிறது. அங்கே காற்று கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மெலிவு, விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளிப் போகும் சூடு குறைவு. டர்பனில் காற்று அடர்த்தி, ஆனால் கோடையில் அறையே புழுங்கும். பிளஃப் மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் உண்டு. அடிப்பக்கத் துளைகளில் சேரும் பஞ்சில் அந்த ஈர உப்பு ஒட்டிக்கொண்டால் தகடுகளுக்கு நடுவே கம்பளம் போலப் படிந்துவிடும். மெத்தைமேல் வைத்து விளையாடாதீர்கள். ஊதிச் சுத்தம் செய்யும்போது விசிறியின் இறக்கையை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்றினால் பேரிங் போய்விடும். ஆசுஸ் ஆர்ஓஜி மாடல்கள் பலவற்றில் சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம் பூசியிருக்கிறது. அது மின்சாரம் கடத்தும். சிப்மேல் இருக்கும் ஹீட்சிங்க்கை வீட்டில் கழற்றாதீர்கள்.

பிறகு மாற்ற முடியாதவை என்னென்ன என்று பாருங்கள். 2024 ஜி14-இல் ரேம் போர்டிலேயே பற்றவைத்தது. 16 ஜிபி வாங்கினால் கடைசிவரை 16தான். பட்டப்படிப்பு முழுக்க ஓட்ட வேண்டும் என்றால் 32-க்குப் போவது நல்லது. அதே வருடத்து பிளேட் 14-இல் ரேம் ஸ்லாட் உண்டு, 2025 மாடலில் அதையும் எடுத்துவிட்டார்கள். ஸ்லாட் உள்ள விலை குறைந்த மாடல்களில் ஒரே ஒரு ரேம் மட்டும் செருகி விற்பது வழக்கம். டாஸ்க் மேனேஜரில் இரண்டில் ஒன்று என்று காட்டினால் இன்னொன்று வாங்கிப் போடுங்கள், வேகம் கண்ணுக்குத் தெரியும். 512 ஜிபி டிரைவ் என்பது விண்டோஸில் 476 ஆகத் தெரியும். பெரிய கேம் ஒன்றே நூறு ஜிபியைத் தாண்டும் காலம் இது. டிரைவைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், அதனால் அதைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம்.

ஓஎல்இடி திரை அழகுதான். ஆனால் 2880க்கு 1800 என்பது ஐம்பது லட்சத்துக்கு மேல் புள்ளி, 1920க்கு 1200 என்பது இருபத்துமூன்று லட்சம். 65 வாட் சிப் அவ்வளவு புள்ளியை இழுக்கத் திணறும், கேமில் ரெசல்யூஷனை இறக்கியோ, குறைந்த புள்ளியில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் போட்டோதான் ஓட்ட வேண்டியிருக்கும்.

லோட் ஷெடிங் என்ற திட்டமிட்ட மின்வெட்டு நேரத்தில் விளையாடலாமா என்று கேட்பார்கள். ஜி14-இன் பேட்டரி 73 வாட்-மணி. கேம் ஓடும்போது 60, 70 வாட் இழுத்தால் ஒரு மணி நேரத்தில் காலி, லோட் ஷெடிங் இருந்த காலத்தில் டர்பனில் வழக்கமாயிருந்த இரண்டு மணி நேரத் தடைக்கே காணாது. பேட்டரியில் சிப்புக்கு முழு வாட்டும் கிடைக்காது. வைஃபை ரவுட்டருக்கு வாங்கிய 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் இதற்கு உதவாது. இன்வெர்ட்டர் வைத்திருந்தால் அது மெயின் மின்சாரம் போலச் சீரான அலை தரும் ப்யூர் சைன் வேவ்தானா என்று பாருங்கள். கரண்ட் திரும்பி வரும் நொடியில் வோல்டேஜ் எகிறும், சார்ஜர்கள் சாவது அப்போதுதான். தடை தொடங்கியதும் பிளக்கைப் பிடுங்குங்கள், கரண்ட் வந்து சில நிமிடம் கழித்து மாட்டுங்கள். 100 வாட் டைப்-சி சார்ஜர் வகுப்புக்குப் போதும். அதை மாட்டிக்கொண்டு கனமான கேம் ஆடினால் சார்ஜ் ஏறாமல் இறங்கிக்கொண்டே போகலாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்த லேப்டாப்பின் சார்ஜரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருந்தால் செங்கல் போன்ற அந்தச் சார்ஜர் பெட்டியை மாற்ற வேண்டாம், நம் ஊர் கெட்டில் ஒயரோ மூன்று துளை ஒயரோ வாங்கி மாட்டினால் போதும். எர்த் இல்லாத இரண்டு முள் கன்வெர்ட்டரில் போட்டால் அலுமினிய உடம்பைத் தொடும்போது சுர்ரென்று இருக்கும்.

ஆன்லைனில் வாங்கினால் கையில் கிடைத்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம், அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. அந்த அரை மணி நேரச் சோதனையை அதற்குள் முடித்துவிடுங்கள். பழுதுள்ள பொருள் என்றால் தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 6 மாதம் வரை பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்பித் தருவதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்கியவருக்குத்தான். சர்வீஸ் சென்டருக்குத்தான் அனுப்புவோம் என்று கடையில் பிடிவாதம் பிடித்தால் இதைச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸிலும் ஒரு விஷயம்: வீட்டுச் சாமான் பாலிசி பொதுவாக வீட்டுக்குள் இருக்கும் பொருளைத்தான் காக்கும். பையில் போட்டுக்கொண்டு திரியும் லேப்டாப்பை ஆல் ரிஸ்க் பிரிவில், சீரியல் எண்ணோடு தனியாகப் பதிய வேண்டும்.