மணல் வரையும் அசையாக் கோடுகள்

அதிர்வைக் கற்பிக்க முற்படும் ஆசிரியருக்கு முதல் தடையாக அமைவது மாணவரின் கண்தான். 256 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டினால் அதன் புயங்கள் நொடிக்கு 256 முறை சென்று மீள்கின்றன. கண்ணால் அதைத் தொடர இயலாததால் ஓரங்கள் சற்று மங்குவது மட்டுமே தெரிகிறது. கவையின் நுனி நீர்ப்பரப்பைத் தொட்டதும் நீர் தெறிப்பதைக் கண்டால் அதிர்வு உண்டு என்பது உறுதியாகும். அது எவ்வாறு பரவி அமைந்திருக்கிறது என்பது விளங்காது.

அதற்கு ஜெர்மானிய இயற்பியலர் எர்ன்ஸ்ட் கிளாட்னி 1787-இல் நூலாக வெளியிட்ட முறையே இன்றும் சிறந்தது என்பது என் கருத்து. நடுவில் பொருத்திய உலோகத் தகட்டின் மீது மணலைத் தூவி, விளிம்பில் வயலின் வில்லை இழுத்தால், மணல் துள்ளி ஓடிச் சீரான கோடுகளாகத் திரள்கிறது. இக்காலத்தில் வில்லுக்குப் பதிலாக, அதிர்வெண்ணை விரும்பியபடி மாற்றவல்ல மின் அதிர்வியைப் பயன்படுத்துகிறார்கள். அதிர்வெண்ணை மெல்ல உயர்த்தும்போது மணல் நெடுநேரம் உருவமின்றிக் கிடந்து, குறிப்பிட்ட சில எண்களில் மட்டும் சட்டென்று கோலமாகிறது. தகட்டில் பரவும் அலைகளும் விளிம்பில் பட்டுத் திரும்பும் அலைகளும் ஒன்றுசேர்ந்து, நகர்ந்து செல்லாமல் நின்ற இடத்திலேயே அதிரும் வலுவான நிலை அலைகளாவது அந்த ஒத்ததிர்வு எண்களில்தான். எண் உயர உயரக் கோலமும் நுணுக்கமாகிறது.

இங்கே ஆசிரியர் அவசரப்படாமல் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: தகடு மிகுதியாக அதிரும் இடம் எது? மணல் குவிந்த இடத்தைச் சுட்டத் தோன்றுவது இயல்பே. உண்மை அதற்கு நேர்மாறானது. அதிரும் பகுதி மணலை உதறித் தள்ளுகிறது, தள்ளப்பட்ட மணல் அசைவற்ற கணுக்கோட்டை அடைந்த பின்னரே அடங்குகிறது. சொல்லி நம்பவைப்பதைவிட விரலை வைக்கச் சொல்வது மேல். மணல் கோட்டின் மீது மெல்லத் தொட்டால் ஒலியும் கோலமும் பெரிதும் மாறுவதில்லை. வெறுமையான பகுதியின் நடுவே, அதாவது எதிர்க்கணுவில், தொட்டால் இரண்டும் தளர்ந்துவிடுகின்றன.

இவ்வளவும் புரிந்த வகுப்பில் மணலோடு மிக நுண்ணிய பொடியையும் கலந்து தூவிப் பார்க்கலாம். மணல் வழக்கம்போல் கணுக்கோடுகளுக்குச் செல்ல, பொடியோ அதிர்வு மிகுந்த இடங்களில் குவியும். தகட்டின் அதிர்வு அதன் மேலுள்ள காற்றில் சிறு சுழலோட்டங்களை உண்டாக்குவதும், கனமற்ற பொடி அவற்றால் இழுத்துச் செல்லப்படுவதும் இதற்குக் காரணம். 1831-இல் மைக்கேல் ஃபாரடே இதை விளக்கியதுடன், காற்றை வெளியேற்றிய கலத்துக்குள் அதே பொடி மணலைப் போலவே கணுக்கோடுகளை நாடுவதையும் காட்டினார்.