ஷிப்ட் அட்டவணையை அனுப்புங்கள், அப்புறம் யோகாவைப் பற்றிப் பேசலாம்

இனிமேல் யாராவது போன் செய்து, "டாக்டர், எங்க ஸ்டாஃபுக்கு ஸ்ட்ரெஸ்ஸைச் சமாளிக்கிறது பத்தி ஒரு மணி நேரம் பேசணும்" என்றால், முதலில் உங்கள் ஷிப்ட் அட்டவணையை அனுப்புங்கள் என்று சொல்வதாக இருக்கிறேன். எத்தனை இடம் காலியாகக் கிடக்கிறது என்ற கணக்கையும் சேர்த்துத்தான்.

அண்மையில் வந்த ஒருவர் இதை எழுத வைத்துவிட்டார். வயது நாற்பதைத் தொடவில்லை. மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு, ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. பிரிவில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள். அந்த இடத்துக்கு ஆள் எடுக்காமல் மூன்று பேர் வேலையையும் இவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். கூடவே மன உறுதிப் பயிற்சி ஒன்றுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அதை முடித்ததற்குச் சான்றிதழ் வேறு! "எனக்குத்தான் சமாளிக்கத் தெரியலை போல, டாக்டர்" என்றார். இத்தனை நாள் சமாளித்ததால் வந்த நோய்க்கு, சமாளிக்கத் தெரியவில்லை என்று அவரே தன்னைக் குறை சொல்லிக்கொள்கிறார்.

வேலை அழுத்தம் என்பது ஆளின் பலவீனம், ஆளைத் திருத்தினால் சரியாகிவிடும் என்ற நினைப்புதான் என்னை எரிச்சலாக்குகிறது. கூரை ஒழுகும்போது வீட்டிலிருப்பவர்களுக்குக் குடை பிடிக்கப் பயிற்சி கொடுப்பது போன்ற வேலை இது. யோகா, தியானம், மூச்சுப் பயிற்சி எதுவும் கெட்டதில்லை. பிடித்திருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அதைக் காட்டி வேலையின் அமைப்பைத் தொடாமல் விடுவதுதான் தவறு. அமெரிக்காவில் ஒரு பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்தின் கிளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றில் மட்டும் உடல்நலத் திட்டம் நடத்திப் பார்த்தார்கள். முடிவு 2019இல் வெளிவந்தது. ஒன்றரை வருடம் கழித்து, உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனிக்கிறோம் என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், மருத்துவச் செலவு, விடுப்பு எதிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பிரிட்டனில் 46,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதில்களை வைத்து 2024இல் வந்த ஆய்வும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. மன உறுதிப் பயிற்சி, தியான ஆப் போன்றவற்றில் சேர்ந்தவர்களின் மனநலம் சேராதவர்களைவிட மேலாக இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது, வேலையில் சோர்ந்து எரிந்துபோகும் 'பர்ன்அவுட்' நிலையை நோய் என்று சேர்க்கவில்லை. வேலை சார்ந்த ஒரு நிகழ்வு என்றே வகைப்படுத்தியது. சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட பணியிட அழுத்தத்தால் வருவது என்றுதான் விளக்கமும் கொடுத்திருக்கிறது. மூலகாரணம் எங்கே என்று இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

'பெரிய பதவிக்குத்தான் பெரிய டென்ஷன், மாரடைப்பு முதலாளிகளின் நோய்' என்று இன்னொரு நம்பிக்கை உண்டு. லண்டனில் அரசு ஊழியர்களை 1967 முதல் தொடர்ந்து கவனித்த வைட்ஹால் ஆய்வு அதைத் தலைகீழாக்கிவிட்டது. இதய நோயால் இறப்பது உயர் அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களிடம் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. புகைப்பழக்கம், கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது. 1985இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் ஒரு காரணம் பிடிபட்டது. தன் வேலையை எப்படி, எப்போது, எந்த வேகத்தில் செய்வது என்பதில் தனக்கு எந்தப் பேச்சும் இல்லாதவர்களுக்கு இதய நோய் அதிகம் வருகிறது. வேலை மலையாக இருக்கும், முடிவெடுக்கும் உரிமை துளியும் இருக்காது. இந்தச் சேர்க்கைதான் ஆளைத் தின்கிறது.

நீண்ட நேர வேலையைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டன.

சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. தூக்க மாத்திரை எழுதும் முன் "என்ன வேலை, எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருகிறீர்கள்?" என்று கேளுங்கள். நோயாளியிடம் தொழிலைக் கேட்கச் சொல்லி, தொழில்சார் நோய்களை ஆராய்ந்த இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700லேயே எழுதிவிட்டார். இன்னும் பல கேஸ் ஷீட்டில் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது.

மேலாளர்களே, காலியிடத்தை நிரப்புங்கள். முடியாவிட்டால் வேலையைக் குறையுங்கள், எதை நிறுத்தலாம் என்று நீங்களே சொல்லுங்கள். ஷிப்டைச் சுழற்றுவதானால் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழற்றுங்கள். இரவிலிருந்து மாலைக்குப் பின்னோக்கி இழுத்தால் உடம்பு அதற்குள் பழகாது. அட்டவணையை முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். டபுள் ஷிப்ட் முடித்தவரை வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக விடாதீர்கள். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று சோதித்தே காட்டியிருக்கிறார்கள்.

ஊழியர்களிடம் கேட்டுக்கொள்வது கொஞ்சம்தான். இரண்டு வாரம் வேலை நேரத்தையும் தூங்கிய நேரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள். பாதி நோயறிதல் அதிலேயே முடிந்துவிடும். நைட் ஷிப்ட் என்பதற்காகப் பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள், எந்த நேரத்தில் போடுவது என்று கேளுங்கள். நெஞ்சு அழுத்தினால், முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு பக்கக் கை மரத்துப்போனால், தயவுசெய்து ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அப்புறம், எச்.ஆர். நண்பர்களே, ஊழியர்களின் கருத்தைக் கேட்க சர்வே எடுப்பது நல்ல விஷயம்தான். பெயர் தெரியாது என்று உறுதி கொடுத்துவிட்டு, ஐந்தே பேர் உள்ள பிரிவின் பதில்களைத் தனியாகப் பிரித்து அந்தப் பிரிவின் மேனேஜரிடமே கொடுக்காதீர்கள். அடுத்த வருடம் எல்லோரும் "நன்றாக இருக்கிறோம்" என்றே எழுதுவார்கள். நீங்களும் அதை நம்பிவிடுவீர்கள்.