1.33-ஐ 1 ஆக்கிவிடாதீர்கள்

ஒரு சேர்மத்தில் அணுக்கள் எந்தச் சிறிய முழு எண் விகிதத்தில் உள்ளன என்று சொல்வது எளிய விகித வாய்பாடு. அந்தக் கணக்கில் பெரும்பாலும் சறுக்குவது கடைசிப் படியில்தான். வைட்டமின் சி-யைப் பாருங்கள்: கார்பன் 40.92%, ஹைட்ரஜன் 4.58%, ஆக்சிஜன் 54.50%. 100 கிராம் எடுத்ததாக வைத்துக்கொண்டால் சதவீதமே கிராம். அணு நிறையால் வகுத்தால் கார்பன் 3.407 மோல், ஹைட்ரஜன் 4.544, ஆக்சிஜன் 3.406. (ஆக்சிஜனை 32-ஆல் வகுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எண்ணுவது அணுக்களை, 16 தான்.) சிறிய எண்ணால் வகுக்க, 1 : 1.33 : 1.

1.33-ஐ 1 என்று எழுதினால் கணக்கு அங்கேயே கெட்டது. மூன்றால் பெருக்குங்கள்: 3 : 4 : 3. தசமம் .5 என்றால் 2-ஆலும், .33 அல்லது .67 என்றால் 3-ஆலும், .25 அல்லது .75 என்றால் 4-ஆலும் பெருக்க வேண்டும். 1.98, 3.02 போன்றவற்றை மட்டும் தயங்காமல் முழு எண்ணாக்கலாம். இடையில் 3.407-ஐ 3.4 என்று சுருக்குவதும் வேண்டாம். குறைந்தது மூன்று தசம இடங்கள் கடைசிவரை இருக்கட்டும்.

அந்தச் சதவீதம் எப்படிக் கிடைத்தது என்பதையும் கவனிக்க வேண்டும். 0.200 கிராம் வைட்டமின் சி-யை ஆக்சிஜனில் முழுவதும் எரித்தால் 0.300 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 0.0818 கிராம் நீரும் வரும். இரண்டையும் தனித்தனியாக எடைபோட, நீரை நீரற்ற கால்சியம் குளோரைடு முதலில் பிடிக்க வேண்டும், அதற்கடுத்த குழாயில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச வேண்டும். வரிசை மாறினால் ஹைட்ராக்சைடு ஈரத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். கார்பன் கூடி ஹைட்ரஜன் குறையும். மாதிரி சரியாக உலரவில்லை என்றாலோ ஹைட்ரஜன் கூடும். இந்த முறையில் ஆக்சிஜனை நேரடியாக அளப்பதில்லை, 100-இலிருந்து கழித்தே எழுதுகிறோம். ஆகவே மற்ற பிழைகள் எல்லாம் அதன் தலையில் விழும். சேர்மத்தில் நைட்ரஜன் இருப்பதைக் கவனிக்காமல் விட்டால் அதுவும் ஆக்சிஜன் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஒரு மூலக்கூறில் உண்மையில் எத்தனை அணுக்கள் என்று சொல்லும் மூலக்கூறு வாய்பாட்டுக்கு மோலார் நிறை (ஒரு மோலின் நிறை, கிராமில்) தனியாகத் தெரிய வேண்டும். வைட்டமின் சி-க்கு அது 176. எளிய விகித வாய்பாட்டு நிறை 88. ஆக 2 மடங்கு: கார்பன் 6, ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 6. இந்த வகுத்தலில் 1.97 வந்தால் 2 என்றே எடுக்கலாம். மடங்கு முழு எண்ணாகத்தான் இருந்தாக வேண்டும். ஃபார்மால்டிஹைடு, அசிட்டிக் அமிலம், குளுக்கோஸ் மூன்றுக்கும் விகிதம் 1 : 2 : 1 தான், நிறை 30, 60, 180 என்பதால்தான் வேறுபடுகின்றன.

ஆவி அடர்த்தியை (ஹைட்ரஜன் வாயுவோடு ஒப்பிட்ட அடர்த்தி) இரட்டித்து மோலார் நிறை காண்பவர்கள் அசிட்டிக் அமிலத்தில் எச்சரிக்கையாக இருங்கள். கொதிநிலையான 118 டிகிரி செல்சியஸை ஒட்டி அதன் ஆவியில் மூலக்கூறுகள் இரண்டிரண்டாகப் பிணைந்திருக்கும். விடை 60-ஐத் தாண்டியே வரும். நன்றாகச் சூடேற்றி அளந்தால் 60-ஐ நெருங்கும்.